சாப்டர் 7 முடிந்தபின் சாப்டர் 13: மேரிலாந்தில் இரண்டாம் அடமானத்தை நீக்க முடியுமா?

ஜெர்மன்டவுன்_குடித்தனம்
9 ஆகஸ்ட் 2014

அனைவருக்கும் வணக்கம். மேரிலாந்து மாநிலம் மாண்ட்காமரி கவுண்டியில், ஜெர்மன்டவுனில், எங்களுக்கு ஒரு டவுன்ஹவுஸ் இருக்கிறது. வீட்டு விலை உச்சத்தில் இருந்த 2006-இல் அதை 4,60,000 டாலருக்கு வாங்கினோம். கைப்பணம் எதுவும் போடாமல், அந்நாளில் பலரும் செய்ததைப் போல 80-20 முறையில், முதல் அடமானமாக 3,68,000 டாலரும் இரண்டாம் அடமானமாக 92,000 டாலரும் ஒரே நாளில் ஒரே மேசையில் கையெழுத்திட்டு வாங்கிய கடன் அது.

நண்பர் ஒருவருடன் கூட்டாக நடத்திய உணவகம் 2012-இல் மூடப்பட்டது. கடை வாடகை ஒப்பந்தத்துக்கும் சமையலறைச் சாதனங்களுக்கான கடனுக்கும் நான் சொந்த ஜாமீன் கொடுத்திருந்தபடியால், கிரெடிட் கார்டு பாக்கியும் சேர்ந்து, பிணையில்லாத கடன் மட்டுமே 4 லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது. சாப்டர் 13-க்கு, அதாவது நீதிமன்றம் ஏற்கும் திட்டப்படி மாதத் தவணை கட்டும் திவால் முறைக்கு, உரிய வரம்பை அது மீறிவிட்டது என்று வழக்கறிஞர் சொன்னதால், ஜூன் 2012-இல் என் பெயரில் மட்டும், தவணைத் திட்டம் இல்லாமல் கடனிலிருந்து விடுவிக்கும் சாப்டர் 7 திவால் மனு போட்டேன். அக்டோபரில் கடன் விடுவிப்பு ஆணை வந்தது. ஊரில் சொல்வதுபோல மஞ்சள் கடுதாசி கொடுத்தவன் ஆகிவிட்டேன்.

இப்போது எனக்கு வேலை இருக்கிறது. முதல் அடமானத்தைத் தவறாமல் கட்டி வருகிறேன், நிலுவை 3,41,500 டாலர். இரண்டாம் அடமானத்துக்கு அன்றிலிருந்து எதுவும் கட்டவில்லை. அது 89,000 டாலரில் நிற்கிறது. சென்ற மாதம் மதிப்பீட்டாளரை அழைத்து வந்து பார்த்ததில், வீடு 3,10,000 டாலருக்கு மேல் போகாது என்று எழுதிக் கொடுத்தார். ஆக, வீட்டை விற்றால் வரும் பணம் முதல் அடமானத்துக்கே போதாது; இரண்டாம் அடமானக்காரருக்கு, அதாவது அந்தக் கடனைக் கொடுத்தவருக்கு, இந்த வீட்டில் ஒரு டாலர்கூட மிச்சமில்லை.

என் கேள்வி இதுதான். இந்த நிலையில் சாப்டர் 13 மனு ஒன்று போட்டால் இரண்டாம் அடமானத்தை வீட்டிலிருந்து நீக்கிவிடலாம் என்று ஒருவர் சொல்கிறார். ஏழும் பதின்மூன்றும் சேர்ந்தால் இருபது என்பதால் இதற்கு ‘சாப்டர் 20’ என்று பெயராம். ஆனால் சாப்டர் 7 மனு போட்ட நாளிலிருந்து நான்கு ஆண்டு கழியாமல் போடும் சாப்டர் 13 வழக்கில் கடன் விடுவிப்பு கிடைக்காது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. விடுவிப்பே கிடைக்காத வழக்கால் என்ன பயன்? நீதிபதி இதை ஏமாற்று வேலை என்று தள்ளிவிட மாட்டாரா?

கோப்புக்காரி
10 ஆகஸ்ட் 2014

நான் வழக்கறிஞர் இல்லை. திவால் வழக்குகள் நடத்தும் ஓர் அலுவலகத்தில் பதினோரு ஆண்டுகளாகக் கோப்பு தயாரிக்கிறவள். இதைச் சட்ட ஆலோசனையாக எடுத்துக்கொள்ளாமல், ஆலோசனைக்குப் போகும்போது என்ன கேட்க வேண்டும் என்பதற்கான குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், கடன் வேறு, வில்லங்கம் வேறு என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சாப்டர் 7 உங்கள் தலைமேல் இருந்த கடனைத்தான் நீக்கியது. வீட்டின் மேல் இருந்த வில்லங்கத்தை, இங்கே லியன் என்று சொல்வதை, அது தொடவில்லை. இரண்டாம் அடமானக்காரர் உங்களிடம் இனிமேல் பணம் கேட்க முடியாது, உங்கள் சம்பளத்தில் கை வைக்க முடியாது. ஆனால் நீங்கள் வீட்டை விற்கும் நாளில், அல்லது விலை ஏறி அவருக்கும் வீட்டில் பங்கு தெரியத் தொடங்கும் நாளில், பதிவேட்டில் இருக்கும் அந்த வில்லங்கத்தைக் காட்டிக்கொண்டு வந்து நிற்பார். நம் ஊரில் வில்லங்கச் சான்று எடுக்காமல் யாரும் மனை வாங்குவதில்லை அல்லவா, அதே கதைதான்.

கடன் போய் வில்லங்கம் மட்டும் எஞ்சியிருக்கும் நிலையில், அதைச் சாப்டர் 13 வழக்கில் கொண்டுவர முடியுமா என்ற கேள்வி 1991-இல் கன்சாஸ் விவசாயி ஒருவரின் வழக்கில், ஜான்சன் எதிர் ஹோம் ஸ்டேட் பேங்க் என்ற பெயரில், அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. எஞ்சியிருக்கும் அடமானமும் திவால் சட்டப்படி ஒரு கோரிக்கையே என்றும், ஒன்றன்பின் ஒன்றாக இப்படி மனு போடுவதை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் தடை செய்யவில்லை என்றும் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே இரண்டாவது மனு போடுவதே குற்றம் என்று யாராவது சொன்னால் கவலைப்பட வேண்டாம். மனு நல்லெண்ணத்துடன் போடப்பட்டதா என்பதை நீதிபதி ஒவ்வொரு வழக்கிலும் தனியாகப் பார்ப்பார். உங்கள் விஷயத்தில், 2012-இல் கடன் வரம்பு காரணமாகச் சாப்டர் 13-க்குள் நுழையவே முடியவில்லை என்பது வலுவான விளக்கம்.

அடுத்து, குடியிருக்கும் வீட்டின் அடமானம். 1993-இல் நோபல்மேன் வழக்கில், 71,335 டாலர் கடன், 23,500 டாலர் மதிப்புள்ள டாலஸ் நகரக் குடியிருப்பு. கடனை மதிப்பளவுக்குக் குறைத்துக்கொள்கிறோம் என்று குடும்பத்தினர் கேட்டதை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. குடியிருக்கும் வீட்டை மட்டும் பிணையாகக் கொண்ட கடனைச் சாப்டர் 13-இல் மாற்றி எழுத முடியாது என்பது அதன் சாரம். ஆனால் அடமானக்காரருக்கு வீட்டின் மதிப்பில் ஒரு துளிகூட எட்டவில்லை என்றால் அவர் பிணையுள்ள கடன்காரரே (கடன் கொடுத்தவரே) அல்லர், அந்தப் பாதுகாப்பும் அவருக்கு இல்லை என்று இரண்டாம், மூன்றாம், ஐந்தாம், ஆறாம், ஒன்பதாம், பதினோராம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் (உச்ச நீதிமன்றத்துக்கு அடுத்த நிலையில் உள்ளவை) 2000 முதல் 2002 வரை வரிசையாகத் தீர்ப்பளித்தன. வேறுபாடு எவ்வளவு கொடூரமானது என்று பாருங்கள்: உங்கள் வீட்டின் மதிப்பு 3,41,499 டாலர் என்றால் 89,000 டாலர் வில்லங்கம் முழுவதும் போகும், 3,41,501 டாலர் என்றால் முழுவதும் நிற்கும். நடுவில் எதுவும் கிடையாது.

இனி உங்கள் நான்காண்டுக் கேள்வி. 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த தடை அது. பிணையுள்ள கடன்காரர், கடன் முழுவதும் அடையும் வரையோ விடுவிப்பு ஆணை வரும் வரையோ தமது வில்லங்கத்தை வைத்துக்கொள்வார் என்றும் அதே திருத்தம் சொல்கிறது. இதை வைத்துக்கொண்டு, விடுவிப்பு இல்லாத வழக்கில் வில்லங்கத்தை நீக்கவே கூடாது என்றனர் சில நீதிபதிகள். திட்டம் நடக்கும் வரை நீக்கி வைக்கலாம், வழக்கு மூடியதும் அது திரும்ப உயிர்பெறும் என்றனர் வேறு சிலர். மூன்றாவது தரப்பின் வாதம்தான் இப்போது மேலோங்கி வருகிறது. மதிப்பே எட்டாதவர் பிணையுள்ள கடன்காரர் அல்லர் என்று முதலிலேயே முடிவாகிவிட்டபோது, பிணையுள்ளவருக்கு உரிய அந்தப் பாதுகாப்பு அவருக்கு எப்படிப் பொருந்தும்? திட்டத்தின் கடைசித் தவணை கட்டி முடிந்ததும் வில்லங்கம் நிரந்தரமாகப் போய்விடும், விடுவிப்பு ஆணை தேவையில்லை என்பது அவர்கள் முடிவு. எட்டாம் வட்டாரத்தின் திவால் மேல்முறையீட்டு அமர்வு ஃபிசெட் வழக்கில் 2011-இலும், நம் மேரிலாந்து அடங்கிய நான்காம் வட்டார நீதிமன்றம் டேவிஸ் வழக்கில் 2013-இலும், பதினோராம் வட்டார நீதிமன்றம் ஸ்கேன்ட்லிங் வழக்கில் இந்த ஆண்டு ஜூனிலும் அப்படியே தீர்ப்பளித்துவிட்டன. டேவிஸ் மேரிலாந்திலிருந்து போன வழக்கு. ஆகவே உங்களுக்கு அதுவே நேரடி அதிகாரம்.

2016 ஜூன் வரை காத்திருந்து விடுவிப்புடன் சேர்த்தே செய்யலாமே என்று தோன்றும். நான் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். உங்களுக்கு இருக்கும் இடைவெளி 31,500 டாலர். வீட்டு விலை ஏறிக்கொண்டிருக்கிறது, முதல் அடமான நிலுவை மாதாமாதம் குறைந்துகொண்டிருக்கிறது. இரண்டும் சேர்ந்து அந்த இடைவெளியை இரண்டு ஆண்டில் தின்றுவிடலாம்.

ஒன்று கேட்க வேண்டும். வீட்டுப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது?

பழைய_வங்கியாள்
10 ஆகஸ்ட் 2014

சகோதரி எழுதியது சட்டப்படி சரியாகவே இருக்கலாம். ஆனாலும் மறுபக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன். முன்வாசலில் நான்காண்டுத் தடை என்று எழுதி வைத்துவிட்டு, பின்வாசலைத் திறந்து வைத்திருப்பதைப் போன்றது இது. டேவிஸ் தீர்ப்பிலும் மூன்று நீதிபதிகளும் ஒத்துப்போகவில்லை. ஒருவர் மாறுபட்டு எழுதினார். 2008-இலும் 2010-இலும் இல்லினாய் மாநிலத் திவால் நீதிமன்றங்கள் இதை அனுமதிக்க மறுத்தன. அந்த நீதிபதிகள் வங்கிக்காரர்களின் கையாட்கள் அல்லர். விடுவிப்பு பெறத் தகுதியில்லாதவர், விடுவிப்பால் கிடைக்கும் பலனை மட்டும் பெறலாமா என்ற அவர்களின் கேள்விக்கு, சொற்பொருள் ஆராய்ச்சியைத் தவிர வேறு விடை எனக்குத் தெரியவில்லை.

நடைமுறையாகவும் ஒன்று சொல்வேன். ஐந்தாண்டு நீதிமன்றக் கட்டுப்பாட்டில் இருப்பதற்குப் பதிலாக, இரண்டாம் அடமானக்காரரிடம் நேரில் பேசிப் பாருங்கள். கடன் வாங்கியவர் சாப்டர் 7 முடித்துவிட்டார், வீட்டில் தமக்கு ஒன்றும் எட்டாது என்று தெரிந்த அடமானக்காரர், ஒரே தடவையில் சிறு தொகை கொடுத்தால் வில்லங்கத்தை எழுதிக் கொடுத்துவிடுவது உண்டு. நான் பணியில் இருந்த காலத்தில் நூற்றுக்குப் பத்து என்று முடித்த கோப்புகளை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். 2012-இல் ஐந்து பெரிய வங்கிகளும் 49 மாநில அரசுகளும் நடுவண் அரசும் செய்துகொண்ட 2,500 கோடி டாலர் உடன்பாட்டின்கீழ் சில இரண்டாம் அடமானங்கள் கேட்காமலேயே தள்ளுபடி ஆயின. உங்களுடையது அப்படிப்பட்ட வங்கியிடம் இருந்ததா என்று பாருங்கள்.

ஜெர்மன்டவுன்_குடித்தனம்
11 ஆகஸ்ட் 2014

இருவருக்கும் நன்றி. வங்கியாள் ஐயா, சென்ற ஆண்டே பேசிப் பார்த்தேன்; 40,000 டாலர் கேட்டார்கள், அதற்கு மேல் இறங்கவில்லை. அந்த உடன்பாட்டில் இருந்த வங்கியும் அன்று.

கோப்புக்காரி கேட்டதற்கு விடை: பத்திரம் என் பெயரிலும் மனைவி பெயரிலும், கணவன் மனைவியாகச் சேர்ந்தே இருக்கிறது. இரண்டு கடன் பத்திரங்களிலும் அவரும் கையெழுத்திட்டிருக்கிறார். உணவகத்தில் அவருக்குப் பங்கு இல்லாததால் 2012 மனுவில் அவரைச் சேர்க்கவில்லை. இப்போதும் நான் மட்டும் போடலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

கோப்புக்காரி
11 ஆகஸ்ட் 2014

கேட்டது நல்லதாகப் போயிற்று. நீங்கள் மட்டும் போட்டால் மனு தோற்கும்.

மேரிலாந்தில் கணவன் மனைவி சேர்ந்து வாங்கும் வீடு, ஆளுக்குப் பாதி என்று பிரியாமல், இருவரும் ஓர் ஆளே போல முழுவதையும் வைத்திருக்கும் உரிமையாகக் கருதப்படும். சென்ற ஆண்டு அல்வாரெஸ் வழக்கில், இதே போன்ற உரிமையுள்ள வீட்டுக்குக் கணவர் மட்டும் சாப்டர் 13 மனு போட்டு இரண்டாம் அடமானத்தை நீக்கக் கேட்டார்; மனைவியின் உரிமை நீதிமன்றத்தின் முன் வராதபோது அதன்மேல் உள்ள வில்லங்கத்தைத் தொட முடியாது என்று நான்காம் வட்டார நீதிமன்றம் மறுத்துவிட்டது. எங்கள் அலுவலகத்தில் அந்தத் தீர்ப்பு வந்த வாரம் இரண்டு கோப்புகளைத் திரும்பத் திறக்க வேண்டியிருந்தது.

ஆகவே கூட்டு மனுதான் வழி. அதில் உங்கள் இருவர் நிலையும் வேறு வேறு என்பதைக் கவனியுங்கள். உங்களுக்கு இது சாப்டர் 20, விடுவிப்பு கிடையாது. உங்கள் மனைவி இதற்குமுன் எந்த மனுவும் போடாதவர், ஆகவே அவருக்கு இது சாதாரணச் சாப்டர் 13; முடிவில் விடுவிப்பும் கிடைக்கும். ஆனால் அவர் தலைமேல் அந்த 89,000 டாலர் கடன் இன்னும் உயிரோடு இருக்கிறது. 2012-இல் நீங்கள் தப்பித்தீர்கள், அவர் தப்பிக்கவில்லை. எனவே இரண்டாம் அடமானக்காரர் வில்லங்கத்தை இழந்தாலும், பிணையில்லாக் கடன்காரராகத் திட்டத்தில் பங்கு கேட்பார். மாதா மாதம் நீங்கள் கட்டுவதில் பெரும்பகுதி அவருக்கே போகும். மனைவி பெயருக்குக் கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றனவா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள், வந்திருக்கும்.

கடன் வரம்பு இப்போது பிணையில்லாததற்கு 3,83,175 டாலர், பிணையுள்ளதற்கு 11,49,525 டாலர். நீங்கள் இரண்டுக்கும் உள்ளேதான் இருக்கிறீர்கள். தாக்கல் கட்டணம் இருவருக்கும் சேர்த்து 310 டாலர்.

ஷெனண்டோவா_ஓரம்
12 ஆகஸ்ட் 2014

வர்ஜினியாவிலிருந்து எழுதுகிறேன், நாங்கள் இருவரும் 2010-இல் சாப்டர் 7 முடித்து, 2013 இறுதியில் சாப்டர் 13 போட்டு, இப்போது திட்டத்தின் ஒன்பதாவது மாதத்தில் இருக்கிறோம். சட்டத்தை மேலே தெளிவாக எழுதிவிட்டார்கள். நடைமுறையில் வலித்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

மதிப்பீட்டில் கஞ்சத்தனம் செய்யாதீர்கள். எதிர்த்தரப்பு வங்கி, எங்கள் வீட்டுக்குள் வராமலேயே, பக்கத்துத் தெருவில் புதுச் சமையலறையுடன் விற்ற வீட்டை ஒப்பாகக் காட்டி 28,000 டாலர் கூட்டிப் போட்டது. எங்கள் மதிப்பீட்டாளர் அடித்தளச் சுவரில் ஈரம் ஊறிய இடத்தையும், பன்னிரண்டு ஆண்டுப் பழைய கூரையையும் படம் எடுத்து, பழுதுபார்க்க ஆகும் செலவை ஒப்பந்தக்காரரின் கையெழுத்துடன் சேர்த்திருந்ததால் நீதிபதி எங்கள் கணக்கை எடுத்துக்கொண்டார். வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தால் தோற்றிருப்போம்.

வருமான வரியில் திரும்பி வரும் பணத்தையும் டிரஸ்டி, அதாவது நம் தவணையை வாங்கிக் கடன் கொடுத்தவர்களுக்குப் பகிர்ந்து தரும் அலுவலர், கேட்பார். ஊருக்குப் போக விமானச்சீட்டு வாங்கினாலும் வரவுசெலவுக் கணக்கில் ஓட்டை விழும். என் தங்கை திருமணத்துக்கு நான் மட்டும் போய் வந்தேன்.

கோப்புக்காரி
2 ஜூன் 2015

பழைய இழையைத் திறப்பதற்கு மன்னிக்கவும். நேற்று உச்ச நீதிமன்றம் காக்கெட் வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது: இரண்டாம் அடமானத்துக்கு வீட்டில் ஒரு டாலர்கூட எட்டாத நிலையிலும், சாப்டர் 7 வழக்கில் அதை நீக்க முடியாது. 1992-ஆம் ஆண்டு டியூஸ்னப் தீர்ப்பைப் பின்பற்றி ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக முடிவு செய்திருக்கிறார்கள். இதுவரை ஃபுளோரிடா போன்ற பதினோராம் வட்டார மாநிலங்களில் சாப்டர் 7-இலேயே இதைச் செய்துகொண்டிருந்தார்கள். அந்தக் கதவு மூடிவிட்டது. சாப்டர் 13 வழியை இத்தீர்ப்பு தொடவில்லை. ஆகவே ஏழுக்குப் பின் பதின்மூன்று என்ற இந்தச் சுற்றுவழிக்குத் தேவை கூடத்தான் போகிறது.

ஜெர்மன்டவுன்_குடித்தனம்
20 செப்டம்பர் 2020

ஆறு ஆண்டு கழித்து எழுதுகிறேன். தேடுபொறியில் இந்த இழையைப் பார்த்துவிட்டு இருவர் எனக்குத் தனிச்செய்தி அனுப்பியதால், முடிவை இங்கேயே எழுதிவிடுவது முறை என்று நினைத்தேன்.

ஜனவரி 2015-இல் நானும் மனைவியும் கிரீன்பெல்ட் திவால் நீதிமன்றத்தில் கூட்டு மனு போட்டோம். வங்கி மதிப்பீட்டை எதிர்க்கவில்லை. திட்டம் மாதம் 420 டாலர் வீதம் 60 மாதம். மொத்தம் 25,200 டாலர். டிரஸ்டியின் கழிவும் வழக்கறிஞரின் மிச்சக் கட்டணமும் போக எஞ்சியதில், மனைவியின் இரண்டு கார்டுகளுக்குச் சிறு பங்கும், இரண்டாம் அடமானக்காரருக்கு ஏறத்தாழ 17,000 டாலரும் போயின. அவர்கள் 2013-இல் கேட்ட 40,000 டாலருடன் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். வங்கியாள் ஐயா பின்வாசல் என்றார். அந்த வாசலில் ஐந்தாண்டு நின்றவன் என்ற முறையில், அது அவ்வளவு அகலமானது அன்று என்று மட்டும் சொல்வேன்.

2017-இல் நான் வேலை பார்த்த ஒப்பந்தம் முடிந்து, மூன்று மாதம் வருமானம் இல்லாமல் இரண்டு தவணை தவறியது. வழக்கைத் தள்ளுபடி செய்யும்படி டிரஸ்டி மனு போட்டுவிட்டார். தள்ளுபடி ஆனால், அதுவரை கட்டியது அத்தனையும் போய், நீக்கிய வில்லங்கம் அப்படியே திரும்பி வந்து உட்கார்ந்துவிடும் என்று வழக்கறிஞர் சொன்னார். மச்சான் கொடுத்த 840 டாலரால்தான் அந்தக் கட்டத்தைத் தாண்டினோம்.

பிப்ரவரி 2020-இல் கடைசித் தவணை கட்டினோம். மனைவிக்கு விடுவிப்பு ஆணை வந்தது. என் பெயரில் விடுவிப்பின்றி வழக்கு மூடப்பட்டது. டேவிஸ் தீர்ப்பு சொன்னபடியே, இருவருக்கும் பொதுவாக வில்லங்கம் நீங்கிய ஆணை நின்றது. வீடு இப்போது 3,95,000 டாலர் மதிப்பு. 2016 வரை காத்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ தெரியாது; இன்றைக்கு மனு போட்டிருந்தால் நிச்சயமாக நடந்திராது.

கடைசியாக ஒன்று, இதை எங்கும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. வட்டி குறைந்திருக்கிறதே என்று ஜூலையில் முதல் அடமானத்தை மாற்றி எழுதப் போனபோது, சொத்துரிமையைச் சரிபார்க்கும் டைட்டில் நிறுவனம் வில்லங்கம் பார்த்துவிட்டு, 92,000 டாலர் இரண்டாம் அடமானம் இன்னும் பதிவேட்டில் இருக்கிறது என்று திருப்பி அனுப்பியது. நீதிமன்ற ஆணை தானாக ராக்வில்லில் உள்ள நிலப் பதிவேட்டுக்குப் போய்ச் சேராது; சான்றிட்ட நகல் எடுத்து நாமே பதிவு செய்ய வேண்டும். நான் அனுப்பிய முதல் நகலில், 2006 பதிவின் புத்தக எண்ணும் பக்க எண்ணும் குறிப்பிடப்படவில்லை என்று அது திரும்பி வந்தது. இரண்டு எண்களையும் எழுதி, என் பெயருடன் மனைவியின் பெயரையும் சேர்த்து மறுபடி அனுப்பிய பிறகுதான், இந்த மாதம் 3-ஆம் தேதி பதிவு ஏறியது.

கோப்புக்காரி
20 செப்டம்பர் 2020

வாழ்த்துகள். முத்திரையிட்ட நகலை ஸ்கேன் செய்து ஒரு பிரதியை மச்சான் வீட்டிலும் வைத்துவையுங்கள். பழைய இரண்டாம் அடமானங்களை விலைக்கு வாங்கிய வசூல் நிறுவனங்கள் ஆணையைப் பார்க்காமலேயே இப்போதும் கடிதம் அனுப்புகின்றன. சென்ற வாரம்கூட ஒரு கட்சிக்காரர் அப்படி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். அவருடைய ஆணை 2014-இல் வந்தது.